மழை பெய்யாத நாளில் கெட்டுப்போன டெக்: தஞ்சோங் பூங்கா வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவின் வடகரையில், தஞ்சோங் பூங்காவின் சரிவில் இருக்கிறது அந்த வீடு. இரண்டு மாடி. கடலைப் பார்த்த வடபுறத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பாலாவ் மரப் பலகை போட்ட டெக், அதாவது வெளித்தளம். ஏறத்தாழ 7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

தீபாவளிக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அக்டோபரில் ஆள் வைத்து டெக்குக்கு ஸ்டெயின், அதாவது மரத்துக்குள் இறங்கி நிறம் தரும் பூச்சு, அடித்தார். தீபாவளியன்று வந்த விருந்தாளிகளின் உள்ளங்காலில் பழுப்பு ஒட்டியது. டிசம்பரில் என்னைக் கூப்பிட்டபோது பலகையில் கறுப்புப் புள்ளிகளும் கிளம்பியிருந்தன.

"நல்ல வெயில் தம்பி அன்னிக்கு. ஒரு சொட்டு மழை இல்ல. அதுக்கப்புறம் மூணு நாளும் மழை இல்ல. நானே பார்த்துத்தான் நாள் சொன்னேன்" என்றார் டீச்சர். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அக்டோபர் மாதத்தில் அடுத்தடுத்து நான்கு நாள் மழையில்லாமல் கிடைப்பது பினாங்கில் அதிர்ஷ்டம். ஸ்டெயினும் மட்டமான சரக்கு இல்லை. பேர் பெற்ற நிறுவனத்தின் எண்ணெய் ஸ்டெயின்தான். அப்படியும் வேலை கெட்டது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பலகையில் தெரிந்தது

கெட்டுப்போன டெக்கை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே அலங்கோலமாகத் தெரியும். எந்தக் குறை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். இங்கே மூன்று குறைகள். மூன்றுக்கும் எல்லைக்கோடு வேறு வேறு.

முதலாவது, பிரஷ் ஓட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் கறுத்த பட்டைகள். கூடவே, காயாத வெல்லப்பாகு போல ஒட்டிக்கொண்டு மினுங்கும் திட்டுகள். இவை டெக்கின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பக்கத்திலும் மட்டும் இருந்தன. மேற்கு ஓரத்தில் பக்கத்து வீட்டின் உயரமான மதில் இருக்கிறது. அதை ஒட்டிய நாலைந்து அடிக்கு நிறம் சீராகவே இருந்தது.

இரண்டாவது, பால் தெளித்ததுபோல மங்கலான வெண்மை. இது மதில் ஓரத்தையும் விடவில்லை. ஆனால் கூரை விளிம்புக்குக் கீழே, சுவரை ஒட்டிய ஒரு மீட்டருக்கு வரவே இல்லை. கூரை எங்கே முடிகிறதோ அதற்கு நேர்கீழே நூல் பிடித்ததுபோல வெண்மை தொடங்கியது.

மூன்றாவது, கறுப்புப் புள்ளிகள், அதாவது பூஞ்சணம். இதற்கு எல்லையே கிடையாது. கூரைக்குக் கீழேயும் இருந்தது, வெளியேயும் இருந்தது. பலகையின் வெட்டு முனைகளிலும் இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளிலும் அதிகம்.

டீச்சரிடம் கைப்பேசிப் படங்கள் இருந்தன. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு வேலை நடக்க நடக்க அனுப்பியவை. அவற்றில் நேரம் பதிவாகியிருந்தது. முதல் படம், அடிப்பதற்கு முந்தைய நாள் மாலை. ஆட்கள் உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சி டெக்கைக் கழுவுகிறார்கள். அடுத்தது மறுநாள் பகல் ஒன்றரை மணி. பலகையின் மேல்பக்கம் உலர்ந்து வெளுத்திருக்கிறது. சந்துகளும் முனைகளும் மட்டும் இன்னும் கறுத்துக் கிடக்கின்றன. பிரஷ் பிடித்திருப்பவரின் நிழல் அவர் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது.

கடைசிப் படம் அதற்கடுத்த நாள் காலை ஏழே முக்கால். புதிதாக அடித்த பலகை முழுக்க முத்து முத்தாகப் பனித்துளி. "அழகா இருக்கேன்னு எடுத்தேன் தம்பி" என்றார். உண்மையிலேயே அழகான படம்தான்.

மூன்று குறை, மூன்று காரணம்

வெயிலில் இருந்து தொடங்கலாம். ஸ்டெயின் டப்பாவில் பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே அடிக்காதே, முப்பத்திரண்டு டிகிரிக்கு மேலே அடிக்காதே என்பதுபோல ஓர் அறிவுரை இருக்கும். பத்து டிகிரியைப் பற்றிப் பினாங்குக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் பிரச்சினை மேல் எல்லைதான், அதுவும் காற்றின் வெப்பத்தில் இல்லை, பலகையின் வெப்பத்தில். காற்று 32 டிகிரி இருக்கும் பிற்பகலில் வெயில் நேரே விழும் பழுப்புப் பலகை 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பின்னால் பிப்ரவரியில் ஒருநாள் இரண்டு மணிக்கு இதே டெக்கில் இன்ஃப்ராரெட் வெப்பமானியைக் காட்டினேன். வெயில் விழுந்த ஓரத்தில் 55-க்கு மேல், வீட்டு நிழலில் 34. இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு தாவு தூரம்தான்.

அவ்வளவு சூடான பலகையில் எண்ணெய் ஸ்டெயினைத் தடவினால் அதிலுள்ள கரைப்பான் உடனே ஆவியாகிவிடும். எண்ணெய் மரத்துக்குள் இறங்க நேரம் கிடைக்காது. மேலே ஏடு கட்டும். ஒரு பலகையை முடித்து அடுத்த ஓட்டத்தைச் சேர்ப்பதற்குள் முதல் ஓட்டத்தின் ஓரம் காய்ந்துபோகும், சேரும் இடம் கறுத்த பட்டையாக நிற்கும். பாலாவ் வேறு கெட்டியான மரம். சில துண்டுகள் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. குளிர்ச்சியாக இருக்கும்போதே எண்ணெயைக் கொஞ்சம்தான் குடிக்கும். மீதியைத் துணியால் துடைத்து எடுக்காவிட்டால் ஒட்டிக்கொண்டே கிடக்கும். மதில் நிழல் விழுந்த மேற்கு ஓரம் மட்டும் தப்பியதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தீபகற்ப மலேசியா 1982 புத்தாண்டு முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகாலை ஒட்டி. பிப்ரவரியில் ஒன்றரையே ஆகிவிடும். 'பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை தவிர்க்கவும்' என்று வெளிநாட்டுக் கையேட்டில் படித்துவிட்டு மூன்றரைக்குப் பிரஷ்ஷை எடுத்தால், சூரியன் கணக்கில் அது இரண்டு மணி. அந்த ஆட்கள் காலையில் வேறொரு வீட்டு வேலையை முடித்துவிட்டு ஒன்றரை மணிக்கு இங்கே வந்திருக்கிறார்கள். டீச்சர் நாள் பார்த்தார், நேரத்தை யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது பனி. காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாக மாறுமோ அதைப் பனிநிலை என்பார்கள். பினாங்கில் அது வருடம் முழுக்க 23, 24 டிகிரியை விட்டுப் பெரிதாக நகராது. இரவுக் காற்று 25, 26 வரை இறங்கும். அப்படியானால் பனி விழக்கூடாதே என்று தோன்றும். ஆனால் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பலகை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துபோகும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் இது அதிகம். காரின் கூரை காலையில் நனைந்திருப்பதும், போர்ச்சுக்குள் நிறுத்திய கார் நனையாமல் இருப்பதும் இதனால்தான்.

ஆக, டீச்சர் சந்தோஷப்பட்ட அந்த மேகமற்ற இரவுதான் மேல்பூச்சைக் கெடுத்தது. பிற்பகல் நாலரைக்கு முடித்த ஸ்டெயின், ஏடு மட்டும் கட்டி உள்ளே காயாமல் இருந்தபோது பனி அதன்மேல் உட்கார்ந்தது. கூரை விளிம்புக்குக் கீழே வானம் தெரியாது. அங்கே பலகை அவ்வளவு குளிரவில்லை, பனியும் விழவில்லை. வெண்மை நூல் பிடித்ததுபோல நின்ற கதை இதுதான்.

பூச்சு வேலையில் ஒரு பொது விதி உண்டு: அடிக்கும்போதும் காயும்போதும் பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிட 3 டிகிரியாவது அதிகம் இருக்க வேண்டும். இரும்புக்கு அடிப்பவர்கள் இதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். மரத்துக்கு அடிப்பவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

மூன்றாவது காரணம் மரத்தின் உள்ளே இருந்த ஈரம். முந்தைய மாலைதான் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை என்று டீச்சரே சொன்னார். ஒரு வெயில் பலகையின் மேல்தோலைத்தான் உலர்த்தும். அடிப்பக்கம் மண்ணிலிருந்து ஓரடி உயரத்தில், காற்றோட்டம் இல்லாமல் கிடக்கிறது. அது உலர ஒரு நாள் எந்த மூலைக்கு? ஈரத்தின் மேல் எண்ணெயை அடைத்து மூடியதும் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

நாள் பார்த்தது

டிசம்பரிலேயே செய்துவிடலாமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப எப்பத்தான்?" என்றார். பதிலுக்கு, மோர்மிளகாய் எப்போது காயவைப்பீர்கள் என்று கேட்டேன். பொங்கல் முடிந்த கையோடு போட்டு, தைப்பூசத்துக்குள் டப்பாவில் அடைத்துவிடுவாராம். மற்ற மாதங்களில் போட்டால் பூத்துப்போகுமாம். "இந்த டெக்லதானே தம்பி காயவைக்கறேன்!"

வானிலைத் துறையின் நீண்டகாலச் சராசரியும் அவர் சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கும். பினாங்கில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான் சராசரி மழை. செப்டம்பர், அக்டோபரில் அது 300-ஐத் தாண்டும். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக்கரையிலுள்ள கிளந்தான், திரங்கானுவில் கொட்டித் தீர்த்துவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து இந்தப் பக்கம் வரும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. பருவமழைக் காலம் என்று செய்தியில் கேட்டுவிட்டு பினாங்குக்காரர்களும் வேலையைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். கிழக்குக்கரையின் வெள்ளம் வேறு, நம் வறட்சி வேறு.

கோலாலம்பூரில் இருப்பவர்கள் இந்த நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் பிற்பகல் இடிமழைக்குப் பேர்போனவை. கொஞ்சம் கைகொடுப்பது ஜூன், ஜூலை. அந்த மாதங்களில் பினாங்கில் செய்யலாம்தான், ஆனால் சுமத்ரா சூறைக்காற்று ஒரு தலைவலி. இரவில் மலாக்கா நீரிணையில் திரண்டு விடியற்காலையில் கரையேறும் மழை அது. முந்தைய மாலை வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புகைமூட்டமும் சேரலாம். 2015-லும் 2019-லும் பள்ளிகளையே மூடவைத்த மாதிரி புகை வந்தால், காயாத எண்ணெயில் சாம்பல் ஒட்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் வேறு வகைச் சங்கடம் உண்டு. அது வானத்தில் இல்லை. பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று வரிசையாக வரும். தவுக்கே, அதாவது சீன முதலாளி, கடையைச் சாத்திவிடுவார், ஸ்டெயின் கிடைக்காது. ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை ஒட்டிய இரவில் பினாங்கு ஹொக்கியன் குடும்பங்கள் விண்ணரசன் என்ற தெய்வத்துக்குப் படையல் போட்டுக் காகிதம் எரிப்பார்கள், வெடி வெடிப்பார்கள். பக்கத்து வீட்டுக் காகிதச் சாம்பல் பறந்து வந்து புது டெக்கில் உட்காராமல் இருக்க வேண்டுமானால் அந்த நாளையும் நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட வேண்டும். டீச்சர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிட்டார். காகிதம் எரிக்கும் அடுப்பை மறுபக்கம் வைத்துக்கொள்வதாக அவரும் சொன்னார். ஆனாலும் அந்த வாரத்தைத் தவிர்த்தோம்.

இந்த வீட்டுக்குப் பிப்ரவரி பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரியில் இருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் உச்சியிலும் தெற்கே சாய்ந்தே இருக்கும். 7 மீட்டர் உயர வீடு அந்த நேரத்தில் வடக்கே கிட்டத்தட்ட 3 மீட்டருக்கு நிழல் போடும். டெக்கின் அகலம் 4 மீட்டர். முக்கால்வாசி வீட்டு நிழலிலேயே வந்துவிடுகிறது. இதே டெக்கை ஜூனில் செய்தால் சூரியன் வடக்கே நிற்கும், நிழலே கிடைக்காது. தென்புறம் டெக் வைத்திருப்பவருக்குக் கணக்கு தலைகீழ்.

வேலை நடந்த விதம்

பழையதை எடுத்ததே பெரிய வேலை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டெயினைக் கரைக்கும் மருந்து, பிறகு மரத்தை வெளுக்க ஆக்ஸாலிக் அமிலம், நிறையத் தண்ணீர், கடைசியில் 80-ஆம் எண் மணல்தாள். அதைவிட நைசான தாள் போட்டால் பாலாவ் கண்ணாடி மாதிரி ஆகி எண்ணெயைக் குடிக்காது. முதல் தடவை அடித்ததற்கு ஆன செலவைவிட இந்தச் சுத்தத்துக்கு ஆனது அதிகம். டீச்சர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அப்புறம் காத்திருப்பு. ஊசி வைத்த ஈரமானியைக் காலையில் ஒரே இடங்களில் குத்திப் பார்த்து எழுதிவைத்தோம்: நடுவில், வெட்டு முனையில், கையை விட்டு அடிப்பக்கத்தில். டப்பாவில் 15 சதவீதத்துக்குக் கீழே என்று போட்டிருந்தது. நம் காற்றுக்கு அது கொஞ்சம் பேராசை. ஈரப்பதம் 80 சதவீதமாகவே இருக்கும் காற்றில் மரம் தானாக வந்து நிற்கும் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதம். காற்று 65-க்கு இறங்கினால்தான் 12-ஐத் தொடும். அதோடு, மானிகள் பெரும்பாலும் வெளிநாட்டு ஊசியிலை மரத்துக்கு அளவு வைத்தவை. பாலாவில் காட்டும் எண்ணைத் திருத்திப் படிக்க வேண்டும். அதனால் நான் தனி எண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. எண் தினமும் இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்றுதான் பார்ப்பேன். மேல்பக்கம் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. அடிப்பக்கம் ஒரு வாரத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. அது நின்று, மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆன பிறகே டப்பாவைத் திறந்தோம்.

அடிப்பதற்கு முந்தைய மாலை டெக்குக்கு மேலே தார்ப்பாய் கட்டினோம். பலகைமேல் விரிக்கவில்லை, விரித்தால் ஈரத்தை அடைத்துவிடும். தலை இடிக்கும் உயரத்தில், நாலு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி கட்டினோம். வானத்தை மறைத்தால் பலகை அவ்வளவு குளிராது, பனி விழாது. மறுநாள் காலை தோட்டத்துப் புல் நனைந்திருந்தது, டெக் உலர்ந்திருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் முன்னறிவிப்பு காலை, பிற்பகல், இரவு என்று பிரித்துச் சொல்லும். 'ஓரிரு இடங்களில் இடிமழை' என்றால் நான் வேலையை நிறுத்துவதில்லை. 'பல இடங்களில்' என்றால் நிறுத்திவிடுவேன். அன்று காலை மூன்று வேளைக்கும் மழையில்லை என்று இருந்தது. அதை மட்டும் நம்பாமல் ரேடார் படத்தையும் திறந்து, கெடா பக்கமும் நீரிணைப் பக்கமும் ஏதாவது திரள்கிறதா என்று பார்த்தோம்.

எட்டரைக்குத் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டுத் தொடங்கினோம். முதலில் கடலோர விளிம்பு. அதுதான் பிறகு வெயிலுக்கு வரும் பகுதி, சூடேறும் முன் முடித்தாக வேண்டும். பிறகு பலகை பலகையாக வீட்டுப் பக்கம் உள்ளே வந்தோம். ஒரு பலகையைத் தொட்டால் அதன் மறுமுனை வரை போய்த்தான் பிரஷ்ஷை எடுப்பது. பின்னாலேயே இன்னொருவர், கால் மணி கழித்து, குடிக்காமல் மீந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டே வருவார். வெப்பமானியில் பலகை 27, 28 காட்டியது, பனிநிலை 23. விதியில் சொன்ன 3 டிகிரிக்கு மேலேயே இடைவெளி இருந்தது.

வெப்பமானி இல்லாதவர்கள் வெறுங்காலோடு நின்று பார்க்கலாம். தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்கள் காலுக்காகச் சாலையில் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்தச் சூடு பலகையில் இருந்தால் அன்றைக்கு ஸ்டெயின் வேண்டாம். அரை நிமிடம் சும்மா நிற்க முடிந்தால் அடிக்கலாம்.

பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டோம். இரவுப் பனிக்கு முன் பத்து மணி நேரம் கையில் இருந்தது. சாயங்காலம் மறுபடி தார்ப்பாயைக் கட்டி, இன்னும் இரண்டு இரவு அப்படியே விட்டோம். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடவிடாமல் தண்ணீர் வாளியில் முக்கி வைத்தேன். சுருட்டிப் போட்டால் அவை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு மழைக்காலம் கடந்த பிறகு

நவம்பர் மழையெல்லாம் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஒட்டும் திட்டு இல்லை, பட்டை இல்லை, வெண்மை இல்லை. தண்ணீர் தெளித்தால் பெரும்பகுதியில் உருண்டு நிற்கிறது. கடலோர விளிம்பில் மட்டும் நிறம் வெளுத்து, துளி மெல்ல உள்ளே இறங்குகிறது. அங்கே வெயிலும் உப்புக்காற்றும் அதிகம். எந்த நாளில் அடித்திருந்தாலும் அந்த விளிம்புதான் முதலில் போகும். வடக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஓரிரு இடத்தில் கறுப்புப் புள்ளி எட்டிப்பார்க்கிறது. டெக்கின் அடியில் செடித்தொட்டிகளைத் தள்ளிவைத்துக் காற்றோட்டத்தை அடைத்திருந்தார்கள். அவற்றை எடுக்கச் சொன்னேன்.

முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை. விளிம்பிலுள்ள ஏழெட்டுப் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, காயவிட்டு, ஒரு கை எண்ணெய் தடவினால் போதும். வரும் ஜனவரிக்கு ஆளைச் சொல்லிவைத்தாயிற்று. இதையெல்லாம் டிசம்பர் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்; பொங்கலுக்குப் பிறகு கூப்பிட்டால் யாரும் போனை எடுப்பதில்லை. மோர்மிளகாயை இந்த வருடம் மாடியில் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் இன்னும் சம்மதிக்கவில்லை.